ஏர் ரைஃபிளுக்கு ரெஸ்ட்டும் வைஸும்: குறைந்த செலவில் அமைத்துக்கொள்வது எப்படி?

புதிதாக ஏர் ரைஃபிள் வாங்கியவர் குறி தவறினால் முதலில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை)க் குறை சொல்வார், அடுத்து பெல்லட்டை (ஈயக் குண்டை), கடைசியில் துப்பாக்கியையே. பல நேரம் கோளாறு இருப்பது துப்பாக்கிக்குக் கீழே. ஆடுகிற பிளாஸ்டிக் மேஜை, அதன் மேல் மடித்து வைத்த தலையணை. இப்படிச் சுட்டுவிட்டு ஐயாயிரம் ரூபாய்க்குப் புது ஸ்கோப் தேடக் கிளம்புவதைத் தடுப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

நம் ஊரில் பொழுதுபோக்காகச் சுடுபவர்களிடம் அதிகம் இருக்கும் 4.5 மி.மீ. (.177) ஏர் ரைஃபிளை, 10 மீட்டர் தூரத்தை மனத்தில் வைத்து எழுதியது இது. ஸ்பிரிங் வகைக்கும் பி.சி.பி. வகைக்கும் (சிலிண்டரில் முன்கூட்டியே அடைத்த அழுத்தக் காற்றில் சுடுவது) முறை மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

1. இரண்டும் ஒரே சாமான் அல்ல

ரெஸ்ட் என்பது சுடும்போது துப்பாக்கியைத் தாங்குவது. வைஸ் என்பது சுத்தம் செய்யும்போதும் ஸ்கோப் மாட்டும்போதும் பிடித்து வைப்பது. ரெஸ்ட்டில் துப்பாக்கி தன் போக்கில் நகர வேண்டும். வைஸில் அது அசையவே கூடாது. 'டூ இன் ஒன்' என்று விற்கப்படும் பிளாஸ்டிக் தாங்கிகள் எண்ணெய் போட, துடைக்க நன்றாகவே உதவும். அதையே மேஜையில் வைத்துச் சுட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் இடம் மாறும்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி. டிரிக்கரை இழுத்ததும் உள்ளே இருக்கும் பிஸ்டன் முன்னே பாய்கிறது, துப்பாக்கி பின்னே தள்ளப்படுகிறது. பிஸ்டன் சிலிண்டரின் முனையை எட்டி நிற்கும்போது துப்பாக்கி முன்னே இழுபடுகிறது. பெல்லட் பேரலை (குழலை) விட்டு வெளியேறுவதற்குள்ளேயே இந்த ஆட்டம் தொடங்கிவிடும். ஒவ்வொரு முறையும் துப்பாக்கி ஒரே மாதிரி ஆடினால் பெல்லட்டும் ஒரே இடத்துக்குப் போகும். இறுக்கிக் கட்டினால் கட்டின் இறுக்கம் கொஞ்சம் மாறினாலும் குறி மாறிவிடும். பி.சி.பி.யில் இந்த உதைப்பு ஏறக்குறைய இல்லை. அதனால் அதற்கு எந்த ரெஸ்ட்டும் ஒத்துவரும்.

2. பணம் செலவழிக்கும் முன் காகிதமும் இடமும்

ரெஸ்ட்டுக்கும் வைஸுக்கும் எந்த லைசென்ஸும் வேண்டாம். துப்பாக்கியைப் பொறுத்தவரை, 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்படாத துளையும், பெல்லட் வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாங்கும்போது கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார்கள். அந்தப் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மாடல் பெயரும் வரிசை எண்ணும் அதில் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லும்போது உறையில் போட்டு, பில்லின் நகலையும் கிளப் அட்டையையும் கூடவே வையுங்கள்.

கிளப்பில் சுடுபவர் என்றால், ரெஸ்ட் வைக்க அனுமதி உண்டா என்று சுடுதளத்தின் (ரேஞ்ச்) அதிகாரியிடம் முதலில் கேளுங்கள். 10 மீட்டர் போட்டி நின்றுகொண்டு சுடுவது, அதில் ரெஸ்ட் கிடையாது. பாரா (மாற்றுத்திறனாளி) பிரிவில், துப்பாக்கியின் எடையைக் கையால் தாங்க முடியாத எஸ்.எச்.2 வகையினருக்குத் தாங்கி உண்டு. ஆகவே கிளப்பில் ரெஸ்ட் பயன்படுவது பெல்லட் சோதனைக்கும் ஸ்கோப்பைக் குறிக்கு வைப்பதற்கும்தான். சில இடங்களில் கூட்டமில்லாத நேரத்தில் மட்டும் விடுவார்கள். வீட்டில் சுடுவதானால் குறிக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பெட்டியும், அதற்கும் பின்னால் கெட்டிச் சுவரும் கட்டாயம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். காகிதக் குறி மட்டும் போதும். பறவையைச் சுடுவது வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்.

3. முதலில் மேஜை

பத்தாயிரம் ரூபாய் ரெஸ்ட்டை ஆடும் மேஜையில் வைத்தால் அதுவும் ஆடும். மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ நிரந்தரமாகச் சுட இடம் இருப்பவர்களுக்கு, கடப்பா கல்லும் ஹாலோ பிளாக்கும்தான் மலிவான, அசையாத மேஜை.

தேவை: 4 அடிக்கு 2 அடி கடப்பா கல் ஒன்று, 8 அங்குல ஹாலோ பிளாக் 12, 4 அங்குலக் கல் 4. வரிசைக்கு இரண்டு கல்லாக இரண்டு தூண்கள் அடுக்குங்கள். ஒவ்வொரு வரிசையிலும் கல்லின் திசையை மாற்றி வையுங்கள். 8 அங்குலக் கல் மூன்று வரிசை, அதன் மேல் 4 அங்குலக் கல்லைப் படுக்க வைத்து ஒரு வரிசை. 70 செ.மீ. வரும், கல் பலகையோடு 72 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். சாதாரண நாற்காலிக்கு இது சரியான உயரம். தூண்களுக்கு நடுவே 40 செ.மீ. இடைவெளிக்கு மேல் விடாதீர்கள், கடப்பா நடுவில் விரிசல் விடும். கல்லுக்கும் தூணுக்கும் இடையில் பழைய மிதியடி ரப்பரை வெட்டிப் போடுங்கள். பலகை மட்டும் 40 கிலோவைத் தொடும். தனியாகத் தூக்க வேண்டாம். சிமெண்ட் பூசாமல் அடுக்கிய தூண் என்பதால் குழந்தைகள் ஏறி விளையாடும் இடத்திலும் வேண்டாம்.

ஊருக்கு ஊர் விலை மாறும். வண்டி வாடகை நீங்கலாக ஏறக்குறைய 1,200 முதல் 1,500 ரூபாய்க்குள் முடியும்.

மேஜையை எடுத்து எடுத்து வைக்க வேண்டியவர்கள் கெட்டியான மரப்பலகைக்கு மூன்று கால் அடிக்கச் சொல்லுங்கள். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாது.

4. மணல் பை: இதுதான் உண்மையான ரெஸ்ட்

கடையில் வாங்கும் எந்த ரெஸ்ட்டையும் நினைப்பதற்கு முன்னால் இரண்டு பை தைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்துக்கு ஒன்று, ஸ்டாக்கின் (துப்பாக்கியின் கட்டைப் பகுதியின்) பின்பக்கத்துக்கு ஒன்று. நிறையப் பேருக்கு இதற்கு மேல் எதுவுமே தேவைப்படாது.

முன் பை: பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் முழங்காலுக்குக் கீழே 30 செ.மீ. நீளம் வெட்டுங்கள். ஒரு முனையை இரட்டைத் தையல் போட்டு மூடச் சொல்லுங்கள். மணல் போட்ட பிறகு மறுமுனையைக் கையாலேயே தைத்துவிடலாம். தையல்காரர் ஐம்பது ரூபாய்க்கு மேல் கேட்டால் அவருக்கு வேலை அதிகம் என்று அர்த்தம். வேறு கடை பாருங்கள்.

உள்ளே காடாத் துணியில் தனியாக ஒரு பை இருக்கட்டும். ஜீன்ஸ் துணி கெட்டிதான், ஆனாலும் நெசவின் இடுக்கு வழியே நுண்தூசி கசியும். அந்தத் தூசி டிரிக்கருக்குள்ளும் ஸ்கோப் திருகுகளுக்குள்ளும் போய் உட்கார்ந்தால் சுத்தம் செய்யவே முடியாது. உள்பைக்கு பாலித்தீன் போடுகிறவர்கள் உண்டு. அது சரசரக்கும், வழுக்கும், துப்பாக்கி நிலைகொள்ளாது.

மணலைப் பற்றி நான்கு எச்சரிக்கைகள். கடற்கரை மணல் கூடாது. அதில் உள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், பக்கத்தில் இருக்கும் இரும்பு துரு ஏறும். எம்-சாண்ட் ஆனால் மாவுத்தூள் போகும்வரை சலித்து, கழுவுங்கள். கழுவிய மணலைத் தார்ப்பாயில் பரப்பி நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். கையில் அள்ளினால் விரலில் ஒட்டாமல் உதிர வேண்டும். அரைகுறை ஈரத்தோடு மூடிய பை இரண்டு வாரத்தில் பூஞ்சை நாற்றம் அடிக்கும்.

அரிசி, கேழ்வரகு, உளுந்து எல்லாம் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து இங்கே போடுகிறார்கள். வண்டு வரும், அதற்கு முன்னால் எலி வரும்.

அளவு முக்கியம். பையை முட்ட முட்ட நிரப்பினால் அது உருளும், துப்பாக்கி மேலே நிற்காது. பாதி நிரப்பினால் சுடச் சுடச் சரியும். ஐந்தில் நான்கு பங்கு சரி. மேலே சொன்ன அளவுப் பையில் மூன்றரை கிலோ மணல் பிடிக்கும். உள்ளங்கையின் ஓரத்தால் நடுவில் ஒரு தட்டு தட்டினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்க வேண்டும். அந்தப் பள்ளத்தில்தான் ஸ்டாக் உட்காரும்.

பின் பை: இது கைக்குள் அடங்க வேண்டும். கெட்டியான பருத்திக் காலுறைக்குள் இன்னொரு காலுறை, அதற்குள் 'தானா' எனப்படும் பிளாஸ்டிக் குருணை. அச்சு வார்க்கும் பட்டறைகளில் கிலோக் கணக்கில் கிடைக்கும். 600 கிராம் போதும். இந்தப் பையை இடது கையால் பிசைந்தால் ஸ்டாக்கின் பின்பக்கம் உயரும், குறி கீழே இறங்கும். பிடியைத் தளர்த்தினால் குறி மேலே ஏறும். பெரிய உயரத்தை முன் பையால் சரிசெய்துவிட்டு, மயிரிழை அளவை இந்தப் பின் பையால் பிடிப்பதுதான் முறை.

பையின் மேல் தோல் போர்த்தினால் ஸ்டாக் வழுக்கிக்கொண்டு ஒரே சீராக நகரும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் உள்ளவர்களுக்குக் கழிவுத் தோல் எளிதாகக் கிடைக்கும். பளபளப்பான பக்கம் மேலே இருக்கட்டும். சுட்டு முடித்ததும் துப்பாக்கியை அந்தத் தோலின் மேலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பதனிட்ட உப்பும் ஈரமும் சேர்ந்து ஒரே மழைக்காலத்தில் பேரலில் புள்ளி புள்ளியாகத் துரு வைத்துவிடும்.

வைக்கும் இடம்: ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் டிரிக்கர் கார்டுக்கு (டிரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்துக்கு)ச் சற்று முன்னால், துப்பாக்கி சமநிலை கொள்ளும் இடத்தில் முன் பை இருக்கட்டும். பைக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே விரித்த உள்ளங்கையை வையுங்கள், விரலால் பற்றாதீர்கள். பி.சி.பி. என்றால் ஸ்டாக்கின் மரப்பகுதி மட்டுமே பைமேல் படட்டும். காற்று சிலிண்டரைப் பைமேல் வைத்தால், அது பேரலோடு பட்டை போட்டுப் பிணைக்கப்பட்ட மாடல்களில் குறி தள்ளிப்போகும். பேரல் எதன்மேலும் படக்கூடாது என்பது இரண்டு வகைக்கும் பொது.

5. ரெடிமேட் ரெஸ்ட் வாங்கியே தீருவேன் என்றால்

உயரம் அடிக்கடி மாற்ற வேண்டியவர்களுக்கு மூன்று கால் ஸ்டாண்டு பயன்படும். திருகைப் பாதி உயரத்துக்கு ஏற்றி, தலைப்பகுதியைப் பிடித்து வலமும் இடமும் முறுக்கிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வேண்டாம். உயரத்தைப் பூட்டும் நட் தனியாக இருக்க வேண்டும். உங்கள் ஸ்டாக்கின் முன்பகுதி அகலத்தை ஸ்கேலால் அளந்துகொண்டு போங்கள். பல ரெஸ்ட்களின் தாங்கி குறுகலானது, அகலமான ஸ்டாக் அதில் உட்காராமல் விளிம்பில் நிற்கும்.

ஆன்லைனில் மூன்று பொறிகள்.

முதலாவது, படத்தில் கும்மென்று இருக்கும் பை காலியாக வந்து சேரும். விவரத்தில் 'நிரப்பப்படாதது' என்ற சொல் எங்கோ ஒரு மூலையில் இருக்கும்.

இரண்டாவது, முன்னும் பின்னும் இணைந்த இரும்புச் சட்ட ரெஸ்ட். கால்டுவெல் நிறுவனத்தின் லெட் ஸ்லெட் இந்த வகையில் பெயர்பெற்றது. பெரிய உதைப்புள்ள வெடிமருந்துத் துப்பாக்கிக்காக, எடை ஏற்றி உதைப்பைக் குறைக்கச் செய்தது. அதிலும் அளவுக்கு மீறி எடை ஏற்றினால் உதைப்பு முழுவதும் ஸ்டாக்கிலும் ஸ்கோப்பிலும் இறங்கி மரம் பிளக்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு இது நேர் எதிரி, பி.சி.பி.க்கோ வெட்டிச் செலவு.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது. சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் கூலியையும் சேர்த்தே கணக்கிடப்படும். வார்ப்பிரும்பு ரெஸ்ட்டின் கனமே அதன் குணம், அந்தக் கனத்துக்கே நீங்கள் இரண்டு முறை காசு கொடுப்பீர்கள்.

கையில் பழைய கேமரா டிரைபாட் இருந்தால் அதன் தலையில் வி வடிவத் தாங்கி ஒன்றைத் திருகிக்கொள்ளலாம். டிரைபாட் திருகு கால் அங்குலமா, எட்டில் மூன்று அங்குலமா என்று பார்த்து வாங்குங்கள். பைபாட் (துப்பாக்கியிலேயே மாட்டும் இரண்டு கால் தாங்கி), ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஆகாது. கெட்டியான மேஜையில் அது துள்ளும்.

6. வைஸ்: வாங்குவதா, செய்வதா?

டிப்டன், எம்.டி.எம். போன்ற நிறுவனங்களின் பிளாஸ்டிக் தாங்கிகள் நல்லவை. இங்கே கிடைக்கும் விலைக்கு அவற்றை ஏர் ரைஃபிள்காரர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கார்பென்டரிடம் மீந்த பிளைவுட் துண்டுகளே போதும்.

அடிப்பலகை 18 மி.மீ. பிளைவுட், 75 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். அதன் மேல் இரண்டு செங்குத்துப் பலகைகள், நடுவே 40 செ.மீ. இடைவெளி. பின்பலகை 22 செ.மீ. உயரம், முன்பலகை 19 செ.மீ. இரண்டிலும் மேலே 7 செ.மீ. அகலத்தில் 'யு' வெட்டு. முன்பக்கம் மூன்று செ.மீ. தாழ்ந்திருப்பது தவறல்ல, வேண்டுமென்றே செய்வது. பேரலில் போடும் எண்ணெய் வாய்ப்பக்கமாக வழிய வேண்டும். பின்பக்கமாக வழிந்தால் டிரிக்கருக்கும் ஸ்டாக் மரத்துக்கும் போகும். ஸ்பிரிங் வகையில் அழுத்த அறைக்குள் போன எண்ணெய் அடுத்த குண்டில் பற்றி எரிந்து புகையும், சீல் கெடும்.

'யு' வெட்டுகளில் ஏ.சி. பைப்புக்குச் சுற்றும் கருப்பு நுரைக் குழாயை நீளவாக்கில் பிளந்து பொருத்தி, மேலே கம்பளித் துணியோ ஃபெல்ட்டோ ஒட்டுங்கள். துணி இல்லாமல் ரப்பர் நேரடியாக வார்னிஷில் படும்படி நாள்கணக்கில் வைத்தால் கறை பதியும். ஃபெவிகால் காய ஒரு இரவு விடுங்கள். கூலியோடு 400 முதல் 700 ரூபாய் ஆகும்.

இது தாங்கும், ஆனால் கவ்வாது. திருகு முறுக்கும்போது துப்பாக்கி புரளாமல் இருக்க, இரண்டு பலகையிலும் அகலமான வெல்க்ரோ பட்டை ஒன்றைத் தாண்டிப் போடுங்கள். பெரும்பாலான வேலைக்கு அது போதும்.

ஹார்டுவேர் கடை பெஞ்ச் வைஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், தாடைகளுக்கு மரத்துண்டு வைத்து, அதன் மேல் தடித்த தோல் ஒட்டி, ஸ்டாக்கை மட்டும் பிடிக்கலாம். கவ்வக் கூடாத இடங்கள் இவை. ஸ்பிரிங் துப்பாக்கியின் சிலிண்டர் குழாய்: ஒரு சின்ன நெளிவு விழுந்தாலும் உள்ளே பிஸ்டன் உராயும். பி.சி.பி.யின் காற்று சிலிண்டர்: 200 பார் அழுத்தம் நிற்கும் குழாயில் கீறலும் நெளிவும் விளையாட்டல்ல. பேரல்: சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று. ஸ்பிரிங் துப்பாக்கியைப் பிரித்து மெயின் ஸ்பிரிங்கை எடுக்க எந்த வைஸும் போதாது. உள்ளே பல செ.மீ. அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங் அது, கடைசித் திருகு கழன்றதும் பாயும். ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கவென்றே தனிக் கம்ப்ரஸர் உண்டு. இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

7. தாங்கியில் வைத்துச் செய்யும் இரண்டு வேலைகள்

வைக்கும் முன் பேரல் காலியா என்று கண்ணால் பாருங்கள். பேரலை மடக்கும் வகை என்றால், பேரல் திறந்திருக்கும்போது டிரிக்கரைத் தொடவே கூடாது. பேரல் விசையோடு மேலே அடித்து மூடும், விரல் போகும், பேரலும் வளையும்.

சுத்தம்: ஏர் ரைஃபிள் பேரலுக்கு அடிக்கடி துடைப்பு வேண்டாம். குரூப் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் கூட்டம்) விரியத் தொடங்கினால் மட்டும் செய்யுங்கள். இரும்புத் தடி வேண்டாம். தடித்த தூண்டில் நரம்பை இரண்டாக மடித்து, பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக விட்டு, மடிப்பில் சின்னத் துணித்துண்டு கோர்த்து இழுங்கள். மூன்று, நான்கு துணிக்குப் பிறகு கருமை குறையும், அத்தோடு நிறுத்துங்கள். பி.சி.பி.யின் காற்றுப் பாதையில் பெட்ரோலிய எண்ணெய் ஒரு துளிகூடப் படக்கூடாது. உயர் அழுத்தக் காற்றில் அது வெடிக்கும். சிலிக்கோன் எண்ணெய் மட்டும்.

ஸ்கோப்: 10 மீட்டர் தள்ளி ஒரு தூக்குக் குண்டைத் தொங்கவிடுங்கள். துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, ஸ்கோப் மாட்டும் தண்டவாளத்தின் குறுக்கே சின்ன ரசமட்டத்தை வைத்துச் சமன் செய்யுங்கள். ரிங் திருகுகளைத் தளர்வாக விட்டு, செங்குத்துக் கோடு தூக்குக் குண்டின் நூலோடு ஒட்டும்வரை ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். பிறகு திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) இருந்தால் 2 நியூட்டன் மீட்டர். இல்லாவிட்டால் ஆலன் கீயின் நீள முனையைத் திருகில் விட்டு, குட்டை முனையை இரண்டு விரலால் மட்டும் திருப்புங்கள். அதற்கு மேல் முறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். ஸ்பிரிங் துப்பாக்கியில் மவுண்ட் (ஸ்கோப்பைத் தண்டவாளத்தில் பிடிக்கும் பகுதி) பின்னால் நகர்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்கும் 'ஸ்டாப் பின்' உள்ள மவுண்ட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

8. சரியாக அமைந்ததா என்று பார்ப்பது

சுடாமலே முதல் சோதனை. துப்பாக்கியைப் பைகளில் வைத்துக் குறியைப் புள்ளியில் நிறுத்திவிட்டுக் கையை எடுங்கள். குறி புள்ளியிலேயே நிற்க வேண்டும். மேஜையை விரலால் லேசாகத் தட்டினால் ஆடிவிட்டு அதே இடத்துக்கு வர வேண்டும்.

அடுத்து பத்துக் குண்டு. மூன்று குண்டு குரூப்பை நம்பாதீர்கள்; அதிர்ஷ்டத்தில் மூன்றும் ஒரே துளையில் விழும். ஓரத்திலிருந்து ஓரம் அளந்து 4.5 மி.மீ. கழித்தால் குரூப்பின் அளவு.

துளைகள் மேலும் கீழுமாக நீண்டால் பின் பையையும் மூச்சையும் பாருங்கள். பக்கவாட்டில் நீண்டால் கன்னத்தை ஸ்டாக்கில் அழுத்துகிறீர்கள், அல்லது துப்பாக்கி சாய்கிறது. முதல் இரண்டு, மூன்று குண்டு தனியாகவும் மீதி வேறிடத்தில் சேர்ந்தும் விழுந்தால், பை இன்னும் அமுங்கிக்கொண்டிருக்கிறது. தட்டிப் பள்ளத்தை ஆழமாக்கிவிட்டுத் திரும்பச் சுடுங்கள்.

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஒரு வேலை பாக்கி. முன் பையை இரண்டு செ.மீ. முன்னே நகர்த்தி ஒரு பத்து, பின்னே நகர்த்தி ஒரு பத்து சுடுங்கள். எந்த இடத்தில் குரூப் சிறுக்கிறதோ, அங்கே ஸ்டாக்கின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பையின் ஓரம் வரும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பெல்லட் டப்பாவை மாற்றினால் இதே சோதனையை இன்னொரு முறை.